கல்லூரிக்கு லேப்டாப்: தரங்கம்பாடியில் இருந்துகொண்டு எதைப் பார்த்து வாங்குவது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. கவுன்சிலிங்கும் முடிஞ்சாச்சு. கல்லூரியில் சீட் உறுதியான வீட்டில் அடுத்து எழும் கேள்வி, "லேப்டாப் எப்போ?" என்பதுதான். சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நாலு ஷோரூம் ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து, விலை பேசி முடித்துவிடலாம். தரங்கம்பாடியில் இருப்பவருக்கு அப்படி இல்லை. வடமேற்கே மயிலாடுதுறை சுமார் 30 கிலோமீட்டர். தெற்கே காரைக்கால் சுமார் 15 கிலோமீட்டர். மூன்றாவது வழி, கையில் இருக்கும் போனில் ஆன்லைன் ஆர்டர்.

பணமும் சும்மா வருவதில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போயிருக்க வேண்டும், அல்லது நெல் போட்ட காசு வந்திருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்ப வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் அம்மாவின் நகை அடகுக்குப் போகும். இப்படித் திரட்டிய பணத்தில் வாங்கும் பொருள் ஒரே வருஷத்தில் திணற ஆரம்பித்தால், மீதிப் படிப்பு முழுவதும் அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் ஸ்டிக்கரில் உள்ள எண்களைப் பார்ப்பதற்கு முன்பே சில விஷயங்களை முடிவு செய்துகொள்வது நல்லது.

முதல் கேள்வி: இப்போதே வாங்கணுமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் மற்ற மாநிலங்களைப் போல இருக்காது. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைக்கு லட்சக்கணக்கில் லேப்டாப்கள் போயின. டெல்டாவில் பல வீடுகளின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். கொரோனா காலத்தை ஒட்டி அந்தத் திட்டம் நின்றுபோனது.

பிறகு 2025 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அறிவித்தார். அதற்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அது 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் லேப்டாப்பாகவே விநியோகத்துக்கு வந்தது. டெல், ஏசர், ஹெச்பி கம்பெனிகளின் மெஷின்கள். இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. முதல் கட்டத்தில் இறுதியாண்டு படிப்பவர்கள்தான் வரிசையில் முன்னால் இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த 8 ஜிபி மெஷின் மோசமானது அல்ல. பி.ஏ., பி.காம், பி.எஸ்சி. கணிதம் போன்ற படிப்புகளுக்கு அதுவே போதும். இரண்டு, திட்டம் இருக்கிறது என்பதற்காக உங்கள் கல்லூரி, உங்கள் ஆண்டு அதில் வருகிறது என்று அர்த்தம் இல்லை. அரசுக் கல்லூரி வேறு, அரசு உதவி பெறும் கல்லூரி வேறு, சுயநிதிக் கல்லூரி வேறு. ஒரே கல்லூரிக்குள்ளேயே உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருப்பது இந்தப் பக்கம் சாதாரணம். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிடைத்தது என்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். சேர்க்கை நாளன்றே அலுவலகத்தில் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. நண்டலாறு தாண்டினால் காரைக்கால், அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். அங்குள்ள என்ஐடி போன்ற நிறுவனங்களில் சேர்பவர்கள் தமிழ்நாடு அரசு லேப்டாப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

லேப்டாப் வரும் என்று உறுதியானவர்களுக்குக்கூட ஒரு சிக்கல் உண்டு. அது மூன்றாம் ஆண்டில் வந்தால் முதல் இரண்டு ஆண்டு என்ன செய்வது? பெரும்பாலான கலை, அறிவியல் படிப்புகளில் முதல் ஆண்டைக் கல்லூரி லேப், போன், வீட்டில் இருக்கும் பழைய மெஷின் ஆகியவற்றை வைத்தே ஓட்டிவிட முடியும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு, ஒரு வருஷம் பொறுப்பது கஞ்சத்தனம் ஆகாது.

கல்லூரி திறந்து மூன்று வாரம் கழித்து வாங்குங்கள்

கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றலாம். ஆனால் சீட் கிடைத்த சந்தோஷத்தில் ஜூனில் வாங்குபவர்கள்தான் அதிகம் தவறு செய்கிறார்கள். கல்லூரி திறந்து மூன்று வாரத்தில் துறை ஆசிரியர்களும் சீனியர்களும் எந்த சாஃப்ட்வேர் தேவைப்படும் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு பட்டியல் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பி.காம் மாணவரை எடுத்துக்கொள்வோம். பொறையாறு டிபிஎம்எல் கல்லூரியிலோ மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரியிலோ படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு வேண்டியது எக்செல், டேலி, பிரவுசர். டேலி பழகுவதற்கு லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. கல்விப் பயன்பாட்டு முறையில் இலவசமாகவே திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் கணக்கு எழுத முடியும், அவ்ளோதான். பயிற்சிக்கு அது போதும். இந்த வேலைகளுக்கு 70,000 ரூபாய் மெஷின் எதற்கு?

பி.ஏ. தமிழ் மாணவருக்கு அதைவிடவும் குறைவு. "தமிழ் ஃபான்ட் போட்டுத் தரணும், அதுக்குத் தனிக் காசு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விண்டோஸ் 11-ல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் முடிந்தது.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசிஏ, பி.இ. கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்குக் கதை மாறும். பைத்தான் எதிலும் ஓடும். ஆனால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, விர்ச்சுவல் மெஷின், இருபது டேப் திறந்த பிரவுசர் என்று மூன்றும் சேரும்போது 8 ஜிபி ரேம் மூச்சுத் திணறும். இவர்கள் 16 ஜிபிக்குக் கீழே போகக் கூடாது. "ஏஐ படிக்கிறான், அதனால கிராபிக்ஸ் கார்டு வேணும்" என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் வேண்டாம். கூகுள் கோலாப் இலவசமாகவே ஓரளவு ஜிபியு நேரம் தருகிறது. பட்டப்படிப்பு அளவிலான பயிற்சிகளுக்கு அது தாக்குப்பிடிக்கும்.

தனி கிராபிக்ஸ் கார்டுக்கு உண்மையான தேவை இருப்பது மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர், விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களுக்கு. சாலிட்வொர்க்ஸ், ரெவிட், வீடியோ எடிட்டிங் இவையெல்லாம் மெஷினைப் பிழியும். ஆட்டோகேட், ரெவிட் உள்ளிட்ட ஆட்டோடெஸ்க் சாஃப்ட்வேர்களை மாணவர்கள் இலவசமாகப் பெறலாம் என்பதால், அந்தப் பணத்தை ரேமில் போடலாம். இந்தத் துறையினர் மேக்புக் மீது ஆசைப்பட்டால் ஒரு நிமிஷம் நிற்கவும். சாலிட்வொர்க்ஸ் மேக்கில் ஓடாது. ஸ்னாப்டிராகன் ப்ராசசர் உள்ள விண்டோஸ் லேப்டாப்களும் இதே மாதிரிதான். பேட்டரி அருமையாக நிற்கும், ஆனால் பொறியியல் சாஃப்ட்வேர்கள் சில அதில் அடம் பிடிக்கும். முழுக்கக் கோடிங் எழுதுபவருக்கு மேக்புக் ஏர் நல்ல மெஷின்தான். டெல்டாவில் அதற்கு ரிப்பேர் வந்தால் எங்கே போவது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம், வேளாண் கல்லூரிகள் பக்கம் போகிறவர்களுக்கு வரைபட வேலை வரலாம். க்யூஜிஐஎஸ் இலவசம், 8 ஜிபியிலும் ஓடும், 16 ஜிபியில் நிம்மதியாக ஓடும்.

ஸ்டிக்கரைப் படிப்பது எப்படி?

"சார், ஐ5 இருக்கு, 16 ஜிபி இருக்கு, எடுத்துக்கோங்க." கடையில் அப்பாவிடம் சொல்லப்படும் வாக்கியம் இதுதான். பையனோ பெண்ணோ பக்கத்தில் நின்று கேட்க வேண்டியது, "எந்த ஐ5 அண்ணே?"

இன்டெல்லிலும் ஏஎம்டியிலும் பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று இரண்டு ப்ராசசர்கள் உண்டு. பார்த்தால் பத்து எண் வித்தியாசம்தான். ஆனால் முதலாவது 2019-ல் வந்த ஸென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். இரண்டாவது ஸென் 3, ஆறு கோர். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று சொல்லும். 2 என்றால் பழசு, 3 என்றால் பரவாயில்லை, 4 என்றால் புதுசு. இரண்டும் 'ரைசன் 5' என்ற ஒரே பெயரில், கிட்டத்தட்ட ஒரே விலையில் ஆன்லைனில் கிடக்கும். அதிலும் 7520யூ மெஷின்களில் ரேம் போர்டோடு ஒட்டப்பட்டிருக்கும், பிறகு கூட்டவே முடியாது. பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான்.

இன்டெல்லும் சளைத்ததல்ல. ஐ3, ஐ5 என்ற பெயர்களை விட்டுவிட்டு இப்போது கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று போடுகிறார்கள். கோர் 5 120யூ என்று பார்த்தால் புத்தம் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே 13-ஆம் தலைமுறை வடிவமைப்பின் மறுபதிப்பு. அதற்காக அது கெட்டது என்று அர்த்தமில்லை. புதுசு என்று சொல்லி அதிக விலை கேட்டால் கொடுக்க வேண்டாம், அவ்வளவே. எண்ணின் கடைசியில் 'யூ' இருந்தால் பேட்டரி அதிகம் நிற்கும், 'ஹெச்' இருந்தால் வேகம் அதிகம், சூடும் அதிகம். செலரான் என்று எழுதியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கல்லூரிப் படிப்புக்குத் தவிர்த்துவிடுங்கள். சேமிப்பகத்தில் 'இஎம்எம்சி' என்று இருந்தாலும் அப்படியே.

ஐ3-யா ஐ5-ஆ என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ரேமைப் பற்றிப் பேசுவதே இல்லை. உண்மையில் நாலு வருஷம் ஓடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். 12-ஆம் தலைமுறை ஐ3-யும் 16 ஜிபி ரேமும் உள்ள மெஷின், ஐ5-ம் 8 ஜிபியும் உள்ள மெஷினைவிட மாணவருக்கு அதிகம் உதவும். கடையில் கேட்க வேண்டியது: "ரேமுக்குக் காலி ஸ்லாட் இருக்கா?" இருந்தால் இப்போது 8 ஜிபி வாங்கிவிட்டு, பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இந்தப் 'பிறகு' இப்போது கொஞ்சம் விலை ஏறிவிட்டது. உலகம் முழுக்க ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியில் இருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மெமரி தயாரிக்கும் பெரிய கம்பெனிகளில் ஒன்றான மைக்ரான், நம்மூர்க் கடைகளிலும் பரிச்சயமான 'க்ரூஷியல்' பிராண்டைச் சில்லறை விற்பனையில் இருந்து நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆக, போன வருஷம் சீனியர் வாங்கிய விலையை வைத்து இந்த வருஷம் பட்ஜெட் போட்டால் இடிக்கும்.

திரையில் 'எஃப்ஹெச்டி ஐபிஎஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்கக் கூடாது. விஸ்காம் மாணவர்கள் மட்டும் '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று எழுதியிருப்பதைத் தேட வேண்டும். மற்றவர்களுக்கு அது தேவையில்லாத செலவு.

எடை பற்றி யாரும் சொல்வதில்லை. கேமிங் லேப்டாப் இரண்டரை கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அதன் சார்ஜரோ ஒரு செங்கல். காலையில் தரங்கம்பாடியில் இருந்து மயிலாடுதுறைக்கு நிற்க இடமில்லாத பஸ்ஸில் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் தெரியும். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர் ஒன்றரை கிலோ சுற்றுவட்டத்திலேயே தேடுவது நல்லது. ஹாஸ்டல் என்றால் எடை பெரிய பிரச்சினை இல்லை.

கடற்கரை வீட்டின் தனிக் கணக்கு

தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம் என்று சொல்லி சுற்றுலாப் பயணிகளை அழைப்பார்கள். லேப்டாப்புக்கு வந்து சேருவது என்னவோ உப்புக் காற்றுதான். எந்த ரிவ்யூ வீடியோவும் இதைப் பேசாது. ஏனென்றால் ரிவ்யூ செய்பவர்கள் பெங்களூரில் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் காற்றில் கலக்கின்றன. லேப்டாப்பின் ஃபேன் அந்தக் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்த்துப்போகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியுமே, அதே வேலை. சர்க்யூட் போர்டின் மேல் அப்படி ஒரு உப்புநீர்ப் படலம் உட்கார்ந்தால் செம்புப் பாதைகள் பச்சை பூக்கும், யூஎஸ்பி துளைகள் தளரும், கீபோர்டில் ஒன்றிரண்டு கட்டை வேலை செய்யாது. வாரண்டிக்குக் கொண்டுபோனால் "துரு பிடித்திருக்கிறது, திரவ பாதிப்பு" என்று சொல்லித் திருப்பிவிட வாய்ப்பு அதிகம். வாரண்டி விதிகளில் பொதுவாக இது விலக்குதான்.

டான்ஸ்பர்க் கோட்டையைச் சுற்றியோ மீனவர் தெருக்களிலோ இருக்கும் வீட்டில், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே படிப்பு மேசை போடாமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு. பயன்படுத்தாதபோது பையில் வைத்து ஜிப்பை மூட வேண்டும். ஷூ டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பாக்கெட் இரண்டைப் பையில் போடலாம், ஈரம் இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் மூடி வைப்பதுதான் பெரிய தப்பு. தினமும் ஓடும் மெஷின் தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். செமஸ்டர் லீவில் மூட்டை கட்டி பரணில் வைத்த மெஷின்தான் திரும்ப எடுக்கும்போது ஆன் ஆகாது.

அடுத்தது கரண்ட். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த அளவு தினமும் நடப்பதில்லை என்றாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையோடு செமஸ்டர் தேர்வும் சேர்ந்து வரும். பேட்டரி 50 வாட்-ஹவருக்குப் பக்கத்தில் இருக்கிறதா, டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்று பாருங்கள். டைப்-சி இருந்தால் ஒரிஜினல் சார்ஜர் போனாலும் 65 வாட் சார்ஜர் ஒன்றை வாங்கி சமாளித்துவிடலாம். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. மெட்டல் உடம்புள்ள லேப்டாப்பைத் தொட்டால் கை லேசாகச் சுருசுருக்கும். அது லேப்டாப்பின் கோளாறாக இருக்காது, பெரும்பாலும் ஒயரிங்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிபார்க்க வேண்டும்.

சர்வீஸ் எவ்வளவு தூரம்?

வெளிநாட்டு மெஷின் நம்ம ஊர்த் தேவைக்குப் பொருந்தாமல் போவது தரங்கம்பாடிக்குப் புதுசு இல்லை. 1713-ல் சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரிதாக இருந்தன. அப்படியே அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக வெளிவந்தது அவற்றால்தான். பட்டறை பக்கத்தில் இருந்தது, வேலை நடந்தது.

லேப்டாப்புக்குப் பட்டறை பக்கத்தில் இல்லை. கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் மையங்கள் பெரும்பாலும் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி மாதிரி ஊர்களில்தான். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று தெரியாத பிராண்டை வாங்கி, அது மூன்றாம் மாதம் நின்றுபோனால், திருச்சிக்கு இரண்டு முறை போய்வரும் பஸ் காசிலும் விடுப்பிலும் அந்த ஆயிரம் கரைந்துவிடும். அதனால் வாங்குவதற்கு முன் கம்பெனி இணையதளத்தில் 609 என்று தொடங்கும் உங்கள் பின்கோடைப் போட்டு, 'ஆன்சைட் வாரண்டி' உங்கள் ஊருக்கு உண்டா என்று பார்த்துவிடுங்கள். ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். 'கேரி-இன்' என்றால் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு மெஷின் ஒரே விலையில் இருந்தால் ப்ராசசரை விட்டுவிட்டு ஆன்சைட் உள்ளதை எடுப்பதே புத்திசாலித்தனம். தவறி விழுந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ ஈடு செய்யும் கூடுதல் பாதுகாப்புத் திட்டம், ஹாஸ்டல் மாணவருக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது. வீட்டிலேயே இருப்பவருக்கு அவசியம் இல்லை.

ஒரு நம்பிக்கையை இங்கே உடைக்க வேண்டும். பெட்ரோல் போடவும் வேறு சிலவற்றுக்கும் காரைக்கால் போவது இந்தப் பகுதியின் பழக்கம். "லேப்டாப்பும் அங்கே வரி கம்மி" என்று சொல்பவர்கள் உண்டு. இல்லை. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால்தான் விலை மாறுகிறது. லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தரங்கம்பாடியிலும் காரைக்காலிலும் டெல்லியிலும் அதேதான். 2025 செப்டம்பரில் டிவி, ஏசி வரி 28-ல் இருந்து 18-ஆகக் குறைந்தபோதும் லேப்டாப் வரி அப்படியேதான் இருந்தது. காரைக்கால் கடையில் விலை குறைவாக இருந்தால் அது கடைக்காரர் தரும் தள்ளுபடி, அல்லது பில் இல்லாத வியாபாரம். பில் இல்லையென்றால் வாரண்டி கேட்கும்போது திண்டாட்டம்தான்.

'டாஸ்' லேப்டாப் என்று சொல்லி, விண்டோஸ் இல்லாத மெஷினைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். பிறகு கடையிலேயே கிராக் செய்த விண்டோஸும் ஆபீஸும் ஏற்றித் தருவார்கள். வேண்டாம். கிராக் சாஃப்ட்வேரோடு வைரஸும் வரும் ஆபத்து உண்டு. ஆபீஸுக்காகவும் தனியாகப் பணம் கொடுக்கும் முன், கல்லூரி மின்னஞ்சல் முகவரி கிடைக்குமா என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் அதை வைத்தே மைக்ரோசாஃப்ட் 365-ன் ஆன்லைன் வடிவம் இலவசமாகக் கிடைக்கும். லிப்ரே ஆபீஸ் எல்லோருக்கும் இலவசம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? அண்ணனின் பழைய லேப்டாப்?

பெரிய ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் வகை மெஷின்கள் புதுசின் பாதி விலைக்கு வருகின்றன. உடம்பு கெட்டி, கீபோர்டு அருமை. ஆனால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓட, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இப்போது சந்தையில் மலிவாகக் குவிவதற்குக் காரணமே இதுதான். "ஐ7 வெறும் பதினஞ்சாயிரம் தம்பி" என்றால், எத்தனையாவது தலைமுறை என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டலாம். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் கடையில் வைத்தே பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் அலமாரியில் கிடக்கிறதா? தூக்கி எறிய வேண்டாம். 2011 வாக்கில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம்தான், அவற்றால் பெரிய பலன் இல்லை. 4 ஜிபி ரேம் உள்ள பிந்தைய மெஷின் என்றால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்றினால் முதல் ஆண்டு முழுக்க ஓட்டலாம். பைத்தான் பழக, கட்டுரை டைப் அடிக்க, பாட வீடியோ பார்க்கத் தாராளமாகப் போதும். அரசு லேப்டாப்களில் முன்பே இருந்த பாஸ் லினக்ஸ், சி-டாக் உருவாக்கியது. உபுண்டுவின் இலகு வடிவங்களும் இருக்கின்றன. கல்லூரியில் லினக்ஸ் பாடமாக வரும்போது கூடுதல் லாபம்.

பணத்துக்கு வழி

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. மூன்று வருஷப் படிப்புக்குக் கூட்டினால் 36,000. ஒரு சாதாரண லேப்டாப்பின் விலைக்குப் பக்கம்தான். ஆனால் அது மாதம் மாதம் வருகிறது, லேப்டாப் விலையோ முதல் நாளே வேண்டும். பஸ் பாஸ், ஃபீஸ், சாப்பாடு என்று அந்த ஆயிரத்துக்கு ஏற்கெனவே வேலை இருக்கிற வீடுகளே அதிகம்.

அதனால் எல்லோரும் போய் நிற்கும் இடம் இஎம்ஐ. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று போட்டிருந்தால் வட்டியே இல்லை என்று நினைக்க வேண்டாம். கடன்களில் பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டித் தொகையை முதலில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, பிறகு மாதத் தவணையில் வாங்குகிறார்கள். கிரெடிட் கார்டில் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், ப்ராசசிங் கட்டணமும் வரும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "மொத்தப் பணமும் இப்பவே கட்டினா எவ்ளோ?" அந்த விலை குறைவாக இருந்தால், வித்தியாசம்தான் வட்டி.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி உண்டு. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவை என்றால் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் கடன் தொகையில் சேர்க்க இடம் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரை கைப்பணம் போடத் தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. பொறியியலோ நர்சிங்கோ சேர்ந்து எப்படியும் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர், லேப்டாப்புக்கு மட்டும் தனியாக நகையை அடகு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. விண்ணப்பத்தில் ஃபீஸ், ஹாஸ்டல் கட்டணத்தோடு கம்ப்யூட்டர் செலவையும் எழுதி, கடையில் வாங்கிய கொட்டேஷனை இணைக்க வேண்டும். இதை விண்ணப்பிக்கும்போதே செய்ய வேண்டும். கடன் தொகை முடிவான பிறகு போய்க் கேட்டால் மேலாளரால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது.